பெட்டியில் உள்ள எண்ணும் பெட்டிக்குள் உள்ள பொருளும்



பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துப் பொருள் வாங்குகிறோம். அதே எழுத்தை வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டி விற்கிறோம். பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? அக்கரைப்பற்றில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் நானும் பார்த்தவனல்ல. வினாயகபுரத்து மீனவர் ஒருவரின் உள்ளங்கையில் ஏறிய தூண்டில் முள்தான் என்னைப் பார்க்க வைத்தது.

இன்று இரண்டு பொருட்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, சார்ஜ் பண்ணி நெற்றியில் கட்டும் ஹெட் டோர்ச். மற்றது, மரத்தில் புகைப்படம் பொறிக்கும் லேசர் இயந்திரமும் அதை இயக்கும் மென்பொருளும். பொருள் வேறு வேறு. ஆனால் வியாபாரி ஏமாறுவதும், ஏமாந்ததை அறியாமலே பிறரை ஏமாற்றுவதும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான்.

நாலு டசின் டோர்ச்

நமது கரையோரத்தில் ஹெட் டோர்ச்சுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. இரவில் கடலுக்குப் போகிறவர், களப்பில் இறால் பிடிக்கிறவர், யானைக்குப் பயந்து வயலில் காவல் இருக்கிறவர், எல்லோருக்கும் இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். வெளிச்சம் நெற்றியில் இருந்தால்தான் வசதி. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது வீட்டுக்காரரும் வாங்கத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தடவை கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் நாலு டசின் எடுத்தேன். பெட்டியில் 8,800 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாக அடித்திருந்தது. ‘10 மணித்தியாலம் எரியும்’ என்றும் இருந்தது. விலையும் வாசி. நானும் வாடிக்கையாளரிடம் பத்து மணித்தியாலம் என்றே சொல்லி விற்றேன்.

வினாயகபுரத்துக்காரர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், ஒன்று வாங்கிப் போனார். நாலாம் நாள் கையில் கட்டுடன் கடைக்கு வந்தார். கடலில் தூண்டிலை இழுக்கும்போது டோர்ச் மங்கி, திடீரென்று அணைந்துவிட்டதாம். கட்டி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இருட்டில் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மருமகன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் படகைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அவர் சத்தம் போடவில்லை. டோர்ச்சை மேசையில் வைத்தார். நான் காசை எடுத்து நீட்டினேன்.

“காசு வேணாம் காக்கா. நல்லது ஒண்டு தாங்க. இல்லாட்டி இல்லெண்டு சொல்லுங்க” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கடையில் மிச்சம் இருந்தது எல்லாம் அதே டோர்ச்தான். எது நல்லது என்று எனக்கே தெரியாது.

நகைக்கடைத் தராசு

அன்று இரவு டோர்ச்சின் பின்பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே விரல் பருமனில் ஒரு கலம். இந்த வகையை 18650 என்பார்கள். 18 மில்லி மீற்றர் விட்டம், 65 மில்லி மீற்றர் நீளம் என்பதுதான் அந்த இலக்கத்தின் பொருள். இது லித்தியம் அயன் கலம். 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இவ்வகைக் கலங்களை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அளவுள்ள கலத்துக்குள் எவ்வளவு மின்சாரத்தை அடைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பெயர் பெற்ற உற்பத்தியாளர்களின் நல்ல கலங்களில் பெரும்பாலானவை 2,000 முதல் 3,500 மில்லி அம்பியர் மணி வரைதான். அண்மையில் வந்த ஒருசில 4,000ஐத் தொடுகின்றன. ஒற்றைக் கலத்தில் 8,800 என்பது ஒரு கொத்துச் சட்டியில் மூன்று கொத்து அரிசி இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

மறுநாள் அந்தக் கலத்தைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தேன். 29 கிராம். பழுதான ஒரு மடிக்கணினி பெட்டரியில் இருந்து எடுத்த அதே அளவுக் கலத்தையும் வைத்தேன். 46 கிராம். நல்ல கலம் பொதுவாக 45 கிராம் அளவில் இருக்கும். மிகவும் பாரம் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை. பாரம் சரியாக இருந்தால் மட்டும் கலம் நல்லது என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். தராசு முதலாவது சோதனை மட்டும்தான்.

கணக்கு இதுதான்

வாசகர்கள் ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

மில்லி அம்பியர் மணியை ஆயிரத்தால் பிரித்து 3.7ஆல் பெருக்குங்கள். வருவது வோட் மணி. 3.7 என்பது இந்தக் கலத்தின் சராசரி வோல்ட். அந்த வோட் மணியை டோர்ச் குடிக்கும் வோட்டால் பிரித்தால் எத்தனை மணித்தியாலம் எரியும் என்று தெரியும்.

என்னுடைய டோர்ச் கூடிய வெளிச்சத்தில் 3 வோட். பெட்டிக் கணக்குப்படி 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் 32.6 வோட் மணி. மூன்றால் பிரித்தால் ஏறக்குறைய 11 மணித்தியாலம். ‘10 மணித்தியாலம்’ என்பது இங்கிருந்துதான் வந்திருக்கிறது. கணக்குச் சரி, கணக்கில் போட்ட எண்தான் பொய்.

உண்மையை அறிய யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்று வாங்கினேன். சார்ஜருக்கும் டோர்ச்சுக்கும் இடையில் பொருத்தினால், எவ்வளவு உள்ளே போனது என்று காட்டும் சிறிய கருவி. முழுவதும் இறங்கிய டோர்ச் நிறையும்வரை போனது 1,300 சொச்சம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. மீனவர் சொன்ன நேரமும் அதுதான்.

வினாயகபுரம் வாடியில் ஓர் இரவு

கணக்கு மட்டும் போதாது என்று அடுத்த வாரம் வினாயகபுரத்துக்குப் போனேன். அவருடைய வாடியில் இருந்து இரண்டு டோர்ச்சை ஒரே நேரத்தில் எரியவிட்டோம. இரண்டும் என் கடைச் சரக்கு. ஒன்றில் வந்தபடி கலம். மற்றதில் நம்பகமான இடத்தில் வாங்கிய 3,000 அளவுக் கலம்.

எப்போது ‘அணைந்தது’ என்று கொள்வது? அமெரிக்க டோர்ச் உற்பத்தியாளர்கள் 2009இல் ஏற்படுத்திய தர அளவில், தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரைதான் எரிந்த நேரமாகக் கணக்கெடுப்பார்கள். எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதையும், வெளிச்சம் பூரண நிலவின் அளவுக்குக் குறையும் தூரமாகவே சொல்வார்கள். எங்களிடம் அளக்கும் கருவி இல்லை. ஆகவே பழைய பத்திரிகை ஒன்றைச் சுவரில் குத்தி, ஒரு கை தூரத்தில் எழுத்தை வாசிக்க முடியாமல் போனதும் நேரத்தைக் குறித்தோம்.

வந்தபடி இருந்தது: 1 மணித்தியாலம் 35 நிமிடம். நல்ல கலம் போட்டது: 3 மணித்தியாலம் 20 நிமிடம்.

ஆகவே டோர்ச்சின் உடம்பில் பிழையில்லை. கலத்தில்தான் பிழை. கலத்தை மாற்றினால் இதே சரக்கு கடலுக்கு உதவும். பத்து மணித்தியாலத்துக்கு அல்ல, மூன்று மணித்தியாலத்துக்கு. குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் அதைவிடக் கூட. இரவு முழுக்கக் கடலில் இருப்பவர் இரண்டாவது டோர்ச் ஒன்றையும் கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்லியே விற்க வேண்டும்.

ஹெட் டோர்ச் வாங்குகிறவரும் விற்கிறவரும் கவனிக்க வேண்டியவை

வெளிச்சத்தின் அளவை லூமன் என்பார்கள். பழைய 60 வோட் குண்டு பல்ப் தந்தது 700, 800 லூமன். 3 வோட் எல்.ஈ.டி. தருவது 300 லூமன் அளவில். நெற்றியில் கட்டும் சிறு டோர்ச்சில் ‘100,000 லூமன்’ என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டியில் உள்ள மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ். என்ற குறியீடு உண்டு. 4 என்றால் எந்தப் பக்கத்தில் இருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். வயல் காவலுக்கு 4 போதும். கடலுக்கு 7 நல்லது. ஆனால் இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீர் சார்ஜ் ஏற்றும் துவாரத்தை அரித்துவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

மெத்தையிலும் தலையணைக்குப் பக்கத்திலும் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. வீங்கிய கலத்தைப் பாவிக்கக் கூடாது, நெருப்பில் போடவும் கூடாது. கழற்றிய கலத்தைச் சாவிக் கொத்தோடு சட்டைப் பையில் போட்டால் இரு முனையும் தொட்டுத் தீப்பிடிக்கலாம்.

கடைக்காரருக்கு ஒன்று. முந்தி வந்த டோர்ச்சுகளில் ஈய அமில பெட்டரி இருந்தது. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் தட்டில் கிடந்தால் அது பெட்டிக்குள்ளேயே செத்துவிடும். இன்னமும் சில மலிவு டோர்ச்சுகளில் அதுவே இருக்கிறது. கையிருப்பில் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். லித்தியம் சரக்கைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மருமகனின் லேசர்

இப்போது இரண்டாவது பொருளுக்கு வருவோம். என் தங்கையின் மகன் கணினி படித்தவன். மரத்தில் பெயர்ப்பலகை, கல்யாணப் பரிசு, புகைப்படம் எல்லாம் பொறித்துக் கொடுக்கும் சிறிய லேசர் இயந்திரம் வாங்கப் போவதாக என்னிடம் முதல் கேட்டு வந்தான். தொலைபேசியில் படத்தைக் காட்டினான். 40 வோட் என்று இருந்தது.

முந்தியாக இருந்தால் விலையை மட்டும் கேட்டிருப்பேன். இப்போது, “இந்த 40 எதை அளந்தது மகன்?” என்று கேட்டேன். அவன் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: “அது சுவரில இருந்து மிஷின் இழுக்கிற கரண்ட் மாமா. ஒளியா வெளிய வாறது 5 வோட்தான்.”

வேலை செய்வது வெளியே வரும் ஒளிதான். ஆகவே வாங்குகிறவர் ‘ஒளி வெளியீடு எத்தனை வோட்?’ என்றே கேட்க வேண்டும். ஐந்து வோட் தவறான பொருளல்ல. மரத்தில் படம் பொறிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் ஐந்து வோட்டுக்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டும். பலகையை வெட்டிக் கொடுப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இந்தச் சிறு இயந்திரங்களின் ஒளி நீல நிறம். மரம், மூங்கில், நிறம் பூசிய உலோகம் ஆகியவற்றில் இது பொறிக்கும். கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் பதியாமல் ஊடுருவிப் போய்விடும். அதற்கு காபனீரொட்சைட்டு லேசர் வேண்டும். பூச்சில்லாத உலோகத்துக்கு ஃபைபர் லேசர். மூன்றும் மூன்று விலை. எந்த வேலைக்கு ஓடர் வரும் என்று தெரியாமல் இயந்திரம் வாங்கக் கூடாது.

இரண்டு ஆபத்துகளைச் சொல்ல வேண்டும். இந்த ஒளி நேரே பட்டாலும் தெறித்துப் பட்டாலும் கண் பார்வை போய்விடும். அந்த ஒளிக்கென்றே செய்த கண்ணாடி அணிய வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. அடுத்தது, ரெக்சினில் ஒருபோதும் பொறிக்கக் கூடாது. பெரும்பாலான ரெக்சின் பி.வி.சி. பூசியது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட்டு என்ற நச்சு வாயு வரும். அது நெஞ்சையும் கெடுக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும்.

மென்பொருள் என்ன செய்கிறது?

மென்பொருளில் இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடுகின்றன. லேசர்ஜிஆர்பிஎல் இலவசம். லைட்பேர்ன் காசுக்கு, ஆனால் வாங்குமுன் சில நாட்கள் இலவசமாகப் பரீட்சிக்கலாம். தொடங்குகிறவருக்கு முதலாவது போதும்.

லேசருக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மரத்தைச் சுட்ட இடம் கறுப்பு, சுடாத இடம் மர நிறம். அப்படியானால் முகத்தின் மென்மையான நிழலை எப்படிக் கொண்டுவருவது? பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். எல்லாம் புள்ளிதான். புள்ளி நெருங்கினால் கறுப்பு, ஐதானால் வெளுப்பு. மென்பொருளும் படத்தைப் புள்ளிகளாக மாற்றுகிறது. இதற்கு ஃபுளொய்ட், ஸ்டைன்பேர்க் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட முறை இன்றும் பாவனையில் இருக்கிறது.

ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் இடைவெளி 0.1 மில்லி மீற்றர் என்று வைத்தால் ஓர் அங்குலத்தில் 254 புள்ளி. பத்துச் சென்றி மீற்றர் சதுரப் படத்துக்கு ஆயிரம் கோடு. ஒவ்வொன்றும் 100 மில்லி மீற்றர். செக்கனுக்கு 50 மில்லி மீற்றர் வேகத்தில் ஓடினால் 2,000 செக்கன், அதாவது 33 நிமிடம். திரும்பும் நேரம் வேறு. படத்தைச் சரிசெய்யும் நேரத்தையும் கூட்டினால் ஒரு படத்துக்கு ஒரு மணித்தியாலம் அளவில் போகும். எட்டு மணித்தியாலத்தில் எட்டுப் படம். பலகையின் விலையை மட்டும் பார்த்து ஓடர் எடுப்பவர் இந்த மணித்தியாலத்தை மறந்துவிடுகிறார். மரத்துக்கு மரம் சூடும் வேகமும் வேறு. ஆகவே ஒவ்வொரு புதுப் பலகையிலும் ஓரத்தில் சிறு கட்டங்களைப் பொறித்துப் பார்த்த பிறகே படத்தைத் தொட வேண்டும்.

ஓர் அடையாள அட்டைப் படம்

இயந்திரம் வந்து சில வாரத்தில் வினாயகபுரத்து மீனவர் வந்தார். கை ஆறியிருந்தது. அவருடைய தாயார் 2004 சுனாமியில் போனவர். வீட்டில் மிஞ்சியது ஓர் அடையாள அட்டை அளவுப் படம் மட்டும். அதை ஓர் அடிப் பலகையில் பொறித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

மருமகன் அந்தப் படத்தைத் தொலைபேசியில் பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் பெரிதாக்கினான். முகம் பளிச்சென்று வந்தது. கண் இமை, தலைமுடி எல்லாம் தெளிவு. பலகையில் பொறித்து நீட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் நெடுநேரம் பார்த்தார். “இது எங்கட அம்மா இல்ல காக்கா. ஆரோ ஒரு வடிவான பொம்பள” என்றார்.

பெரிதாக்கும் செயலி படத்தில் இல்லாததைத் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. 8,800 என்று அடித்த எண்ணுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் இல்லாததை இருப்பதாகக் காட்டுகின்றன. இந்தத் தடவை பெட்டியில் பொய் எழுதியது நாங்கள்.

பிறகு மருமகன் கணக்குப் போட்டான். அந்தப் படத்தின் அகலம் 35 மில்லி மீற்றர். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி எடுத்தால் 826 புள்ளி கிடைக்கும். நமது 254 கணக்கில் பலகையில் 8 சென்றி மீற்றர் அகலம். ஓர் அடிக்கு 3,000 புள்ளிக்கு மேல் வேண்டும். அது அந்தப் படத்தில் இல்லை. “எட்டுச் சென்றி மீற்றருக்கு மேல போனா அது அம்மாட முகமா இருக்காது அண்ணன்” என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் சம்மதித்தார். எதையும் கூட்டாமல், வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் சரிசெய்து உள்ளங்கை அளவில் பொறித்தோம். வாங்கிப் பார்த்தார். கடதாசியில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

(வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் வாடிக்கையாளரிடம் ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் புள்ளி குறைந்துவிடும்.)

மிச்சச் சரக்கை என்ன செய்தேன்?

மொத்த வியாபாரியிடம் பேசினேன். “எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான் நானா எழுதியிருக்கும்” என்றார். சரக்கைத் திருப்பி எடுக்கவில்லை.

எல்லோரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடை செய்கிறது. ‘நான் அச்சடிக்கவில்லை, பெட்டியில் இருந்ததைத்தான் சொன்னேன்’ என்பது நமக்குச் சமாதானமாக இருக்கலாம். முள் ஏறிய கைக்கு அது சமாதானமல்ல. நனைந்த தானியத்தை அடியில் மறைக்காமல் மேலே போட்டு விற்க வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித்தந்த பாடம். பெட்டியின் எழுத்து அந்தக் குவியலின் மேற்பக்கம்.

மிஞ்சிய 31 டோர்ச்சின் பெட்டியிலும் வெள்ளைக் கடதாசி ஒட்டினேன். ‘கூடிய வெளிச்சம் ஒன்றரை மணித்தியாலம். கடலுக்கு உகந்ததல்ல’ என்று எழுதினேன். விலையைக் குறைத்தேன். நல்ல கலம் போட்டதை வேறாக, ‘மூன்று மணித்தியாலம்’ என்று எழுதி, கூடிய விலைக்கு வைத்தேன். முதல் மாதம் வியாபாரம் விழுந்தது. பக்கத்துக் கடையில் பத்து மணித்தியாலம் எரியும் டோர்ச் இருக்கும்போது என்னிடம் யார் வருவார்? மலிவுச் சரக்கு வீட்டுத் தேவைக்கு மெல்ல மெல்லப் போய் முடிந்தது. அதில் எனக்கு நட்டம்தான். மூன்று மணித்தியால டோர்ச்சுக்கு மட்டும் வினாயகபுரத்தில் இருந்தும் கோமாரியில் இருந்தும் ஆட்கள் கேட்டு வருகிறார்கள். இலாபம் பெரிதல்ல, ஆனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

புதிதாக ஒரு சரக்கு எடுக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண் எதை அளந்தது என்று கேளுங்கள். திறந்து பாருங்கள், நிறுத்துப் பாருங்கள், ஓர் இரவு எரியவிட்டுப் பாருங்கள். நீங்கள் கண்டதை உங்கள் கையெழுத்தில் பெட்டியில் எழுதுங்கள். எழுத முடியாத சரக்கு என்றால் டசின் கணக்கில் எடுக்காதீர்கள்.